புகைபோக்கியைக் கழுவுவது யார்?

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் திருவாலங்காட்டு வீட்டில் சிம்னியின் ஃபில்டர்களைக் கழுவும் நாள். இரண்டு எவர்சில்வர் தகடுகள். கொக்கியை அழுத்திக் கழற்றும்போது கீழ்விளிம்பில் தேன் நிறத்தில் எண்ணெய் கோத்து நிற்கும். விரல் வைத்தால் பசைபோல இழுக்கும். பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் கொதிநீர் ஊற்றி, சோடா உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, தகடுகளை மூழ்க வைப்பேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்துவிடும்.

அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மடியில் இன்ஹேலர் இருக்கும். ஒருநாள் அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப சட்டி அடியில இருந்துச்சு, இப்ப இந்தத் தகட்டுல இருக்குது. கரி எங்கடி போச்சு? எடம் மாறி உக்காந்துக்குச்சு, அவ்ளோதான்."

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தின் பின்னால் போகும் முயற்சி. சமையலறையிலிருந்து புகை வெளியேறிய வரலாற்றைத் தேடினால் கிடைப்பது கண்டுபிடிப்புகளின் பட்டியல். புகையில்லா அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ், எரிவாயு, சிம்னி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டு உண்டு, ஒரு பொறியாளர் உண்டு, ஓர் அரசுத் திட்டம் உண்டு. அவற்றைத் துடைத்தும் தேய்த்தும் அடைப்பெடுத்தும் ஓடவைத்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் வரி இல்லை.

அட்டில்

தமிழ் படித்தவள் என்பதால் நான் முதலில் போனது பாட்டுக்குத்தான். சமையலறைக்குப் பழந்தமிழ்ச் சொல் 'அட்டில்'. 'அடு' என்னும் வினையிலிருந்து வந்தது. அடுதல் என்றால் சமைத்தல். கொல்லுதல், வெல்லுதல் என்றும் பொருள் உண்டு. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நிற்கும்.

கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாட்டைத் தமிழகத்தில் பள்ளிக்குப் போன எவரும் மறந்திருக்கமாட்டார். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் தயிரைப் பிசைகிறாள். பிசைந்த விரலைத் துடைத்த சேலையை மாற்றாமலே உடுத்தியிருக்கிறாள். தாளிப்பின் புகை அவள் கண்ணில் ஏறுகிறது. கணவன் இனிதென்று சொல்லி உண்ண, அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. செவிலி இதைப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்வதாக அமைந்த பாட்டு இது. தாளிப்புக்குச் சங்கத் தமிழில் 'குய்' என்று பெயர். மாங்குடி கிழாரின் நற்றிணை 120ஆம் பாட்டில் விருந்துக்காக மீன் சமைக்கும் மனைவிக்கும் அதே புகைதான். கண் சிவந்து, நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை அரும்பி, அதை முந்தானையால் துடைக்கிறாள். விருந்தாளி வந்திருப்பதால் ஊடலை ஒத்திவைத்திருக்கிறாள். அந்தக் கோலம் கணவன் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறது.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கண்ணகி ஆயர் குடியிருப்பில் சமைக்கிறாள். காய் அரிந்த விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. கரிபடிந்த அட்டிலைப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மாடத்து வீட்டு வணிகர் மகள் அவள். அந்தச் சோற்றை உண்டுதான் கோவலன் சிலம்போடு கிளம்புகிறான்; திரும்பி வரவில்லை.

புகை இல்லாத அடுப்பும் சங்கப் பாட்டில் உண்டு. பெருந்தலைச் சாத்தனாரின் புறநானூறு 164இல் சமையலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பால் வற்றிய மார்பைச் சுவைத்து அழும் குழந்தையைப் பார்த்து மனைவியின் கண் நீரால் நிறைகிறது. அந்தக் கண்ணில் நீர் நிறையப் புகை தேவைப்படவில்லை. ஆகவே புகையை வெறும் கொடுமை என்று மட்டும் எழுதிவிட முடியாது. 'அடுப்பு புகைஞ்சுதா?' என்பது இன்றும் எங்கள் பக்கம் 'சாப்பிட்டீர்களா?' என்பதற்குச் சமமான கேள்வி.

ஆனால் இந்த நான்கு பாட்டிலும் ஒன்று இல்லை. புகை பெண்ணின் கண்ணில் படுவதுவரை கவிஞர்கள் பார்க்கிறார்கள். அதே புகை சட்டியின் அடியில் கரியாகப் படிந்து மறுநாள் காலை தேய்க்கக் காத்திருப்பதை அவர்கள் பார்க்கவில்லை. சமைப்பது பாட்டுக்குள் வந்தது. கழுவுவது வெளியே நின்றது.

ஆலங்காடு

எங்கள் ஊருக்குப் புகையோடும் தீயோடும் இரண்டு பெண் கதைகள் உண்டு. ஊரில் இருப்பது ரத்தின சபை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே நடந்த ஆட்டப் போட்டியில் சிவன் காலைத் தலைக்குமேல் தூக்கினார் என்றும், பெண்ணாகையால் காளி நாணித் தோற்றாள் என்றும் தலபுராணம் சொல்லும். அந்த ஆட்டத்தைப் பாட இங்கே வந்தவர் காரைக்கால் அம்மையார். காலம் 6ஆம் நூற்றாண்டு என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து.

பெரியபுராணம் சொல்லும் அவர் கதை அடுக்களையில் தொடங்குவது தற்செயல் அல்ல. கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைப் புனிதவதி பசித்து வந்த அடியாருக்குப் படைத்துவிட்டார். ஊணுக்கு வந்த கணவன் ஒன்றை உண்டு, சுவைத்து, மற்றதையும் கேட்டான். பரிமாறும் நேரத்தில் கணக்குக் கேட்கப்பட்ட பெண் அவர். இறையருளால் பழம் வந்தது. வந்த விதத்தைக் கண்ட கணவன் பயந்து கடல் கடந்து போனான். பாண்டி நாட்டில் வேறு மணம் செய்தான். பிறகு அவன் அவர் காலில் விழுந்தபோது, கணவனுக்காகச் சுமந்த உடல் இனி வேண்டாம் என்று உதறிப் பேயுரு ஆனார். அட்டிலை விட்டுச் சுடுகாட்டுக்கு வந்தார்.

அவர் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஒரு காட்சி உண்டு. ஒரு பெண்பேய் கள்ளிக் கிளையின் நடுவே காலை நீட்டி உட்கார்ந்து, எரிந்து முடிந்த கொள்ளிக்கட்டையை எடுத்து மசித்து, அந்தக் கரியைக் கண்ணுக்கு மையாக எழுதிக்கொள்கிறது, வெடித்துச் சிரிக்கிறது, பிணத்தீ சுட்டதும் சினந்து மண்ணை அள்ளி அதை அணைக்கப் பார்க்கிறது. தமிழில் கரி ஒரு பெண்ணுக்கு வேலையாக இல்லாமல் விளையாட்டாக இருக்கும் இடம் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. அந்த விளையாட்டுக்கு அவள் பேயாக வேண்டியிருந்தது.

மற்றவள் பக்கத்து ஊர்ப் பழையனூர் நீலி. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாக வந்து அவனைப் பழிவாங்கினாள் என்பது கதை. அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த 70 வேளாளர்கள், அவன் இறந்ததும் தீயில் இறங்கினார்கள். தீப்பாய்ந்த அந்த ஆண்களுக்கு இங்கே நினைவிடம் இருக்கிறது. கொல்லப்பட்டவளுக்கு மிச்சமானது ஒரு வசவு: நீலிக் கண்ணீர். பெண் அழுதால் பொய் என்று சொல்ல ஒரு சொல்.

அம்மாவிடம் நீலிக் கண்ணீர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் வேறு ஒன்றைச் சொன்னார். "பொகை இருந்தப்ப அழுவறதுக்கு ஒரு சாக்கு இருந்துச்சு. கண்ணு ஏன் செவந்திருக்குன்னு எவனும் கேக்கமாட்டான். கேட்டாலும் அடுப்புன்னு சொல்லிடலாம்." புகையின் வரலாற்றை எழுதுகிற எந்தப் பொறியாளரும் இந்தப் பயனைக் குறித்துவைத்ததில்லை.

கரியின் சொற்கள்

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி, ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை நகர்ந்தது, அடுக்களை இரண்டு மொழியிலும் புகைந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அடுப்புக்குப் 'பொய்யி', புகைக்குப் 'பொக', கரிக்கு 'மசி'. சூடான பாத்திரத்தை இறக்கும் துணி அவர்களுக்கு 'மசிகுட்ட', எங்களுக்குக் 'கரித்துணி'. இரண்டு மொழியும் அந்தத் துணிக்கு அதன் கறையை வைத்தே பெயர் வைத்திருக்கின்றன.

விறகடுப்புக் காலத்து வேலையை நினைவிலிருந்து எழுதுகிறேன். பித்தளைப் பானையை அடுப்பேற்றுமுன் அதன் வெளிப்பக்கம் மண்ணைக் குழைத்துப் பூச வேண்டும். அப்போதுதான் கரி மண்ணில் ஒட்டும். பிறகு மண்ணோடு கழன்று வரும். பூசாமல் விட்டால் தேங்காய் நாரும் சாம்பலும் புளியும் வைத்துக் கை சலிக்கத் தேய்க்க வேண்டும். காலையில் சாம்பல் அள்ள வேண்டும். அடுப்பைச் சாணத்தால் மெழுக வேண்டும். வெள்ளிக்கிழமையானால் மெழுகிய அடுப்பில் கோலம் போட வேண்டும். பரணில் தொங்கும் கரிபடிந்த ஒட்டடையை மாதம் ஒருமுறை அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈர விறகை அடுப்புமேல் உலர்த்தி, ஊதாங்குழலால் ஊதி ஊதிப் பற்றவைக்க வேண்டும். ஊதுகிற வாய்க்கும் நெருப்புக்கும் ஒரு முழம் தூரம்.

அப்பா செய்ததும் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் விறகு பிளப்பார். அதை நான் ஏன் தனியாகக் குறிப்பிடுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

புகையில்லா அடுப்பு

புகையைப் பற்றி ஆண்கள் கவலைப்பட்ட காலமும் வந்தது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம், வார்தாவின் மகன்வாடியில் இயங்கியது. 1947இல் அங்கிருந்து வந்தது 'மகன் சூலா' என்னும் புகைபோக்கி வைத்த அடுப்பு. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ். பி. ராஜு உருவாக்கிய அடுப்பும் அதையொட்டிய காலத்தது. கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லா அடுக்களை என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூலைச் சென்னையின் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1953இல் வெளியிட்டது. இரண்டு மூன்று பானைகள் வைக்கும் களிமண் அடுப்பு. அதன் முடிவில் கூரைக்கு மேலே போகும் குழாய். எளிமையான, நல்ல யோசனை. இரண்டு முயற்சியிலும் அக்கறை இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

1983 டிசம்பரில் இந்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அது நிறுத்தப்பட்ட 2002க்குள் நாடெங்கும் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் நிறுவப்பட்டதாகக் கணக்கு. அவற்றில் ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. முதல் ஆண்டு அடுக்களையில் புகை குறைந்தது உண்மை. பிறகு குழாயில் கரி அடைத்தது. அடைத்த குழாய் புகையை வந்த வழியே திருப்பி அனுப்பும். குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்தி அடைப்பெடுக்கக் கூரைமேல் ஏற வேண்டும். சேலை கட்டிய பெண் கூரைமேல் ஏறுவது எங்கள் தெருவில் அன்று நடக்கக்கூடிய காரியம் அல்ல. ஏறக்கூடிய ஆண்களுக்கு அது அடுப்பு வேலை. ஆக யாரும் ஏறவில்லை. அடுப்பின் வாயும் விரிசல் விட்டது. அம்மா அதை இடித்துவிட்டுப் பழைய மண்ணடுப்பையே போட்டார்.

எங்கள் வீட்டில் நடந்தது நாடு முழுக்க நடந்தது. உடைந்த அடுப்பு, அடைத்த குழாய், பழுது பார்க்க ஆளில்லாமை, பழைய அடுப்புக்கே திரும்புதல் ஆகியவை அத்திட்டத்தைப் பற்றிய மதிப்பீடுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. நிறுவுவதற்கு மானியம் இருந்தது, பராமரிப்புக்கு இல்லை. ஏனெனில் பராமரிப்பு என்பது பெண் இயல்பாகச் செய்துவிடுவது என்ற எண்ணம் திட்டத்துக்குள்ளேயே இருந்தது. புகையின் பயன்களையும் யாரும் கேட்டறியவில்லை. ஓலைக்கூரையைப் பூச்சியிடமிருந்து காத்தது அந்தப் புகைதான். பரணில் வைத்த விதைகளையும் உப்புக்கண்டத்தையும் காத்தது அதுதான். இதைத் தெரிந்த பெண்ணுக்கு 'பழக்கத்தை மாற்றிக்கொள்ளாதவள்' என்று பெயர்.

அதே 1983 டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-அ என்ற பிரிவு சேர்ந்தது. கணவனும் அவன் உறவினரும் பெண்ணுக்கு இழைக்கும் கொடுமை குற்றமானது. 1986இல் வரதட்சணைச் சாவுக்கான 304-ஆ பிரிவு வந்தது. அந்த ஆண்டுகளின் நாளேடுகளில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு' என்ற தலைப்பு அடிக்கடி வந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ் அடுக்களையிலிருந்து விறகையும் கரியையும் குறைத்தது. கொலையை விபத்தாகக் காட்டவும் பயன்பட்டது. வெடித்த ஸ்டவ்களெல்லாம் மருமகள்கள் பக்கத்தில் மட்டும் ஏன் வெடித்தன என்று பெண்கள் இயக்கங்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகே சட்டம் காதுகொடுத்தது. ஒரே மாதத்தில் அரசு அடுக்களைக்குள் இரண்டு வழியாக நுழைந்தது. ஒரு வழியில் அடுப்பை மாற்ற வந்தது. மற்றொரு வழியில் அடுப்பருகே நடப்பது குடும்ப விவகாரம் அல்ல என்று சொல்ல வந்தது.

மூச்சு

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அம்மா அதில் சமையலராகச் சேர்ந்தார். வீட்டில் விடியுமுன் ஓர் அடுப்பு, பத்து மணிக்குப் பள்ளியில் இன்னோர் அடுப்பு. அங்கே பெரிய அண்டா, முழுக்கட்டை விறகு, ஒரே ஒரு ஜன்னல். குழந்தைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள், அவர்களில் நானும் ஒருத்தி. அந்தத் திட்டத்தைப் பெருமையோடு எழுதும் எவரோடும் நான் உடன்படுவேன். அதன் புகை யாருடைய நெஞ்சுக்குள் போனது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அம்மாவுக்குப் படியேறினால் இளைத்தது. பரிசோதித்த மருத்துவர், "வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பாங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அடுப்புதாங்க பிடிக்கும்." மருத்துவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

அம்மா நகைச்சுவையாகச் சொன்னதை ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கரான கிர்க் ஸ்மித் 1980களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். சென்னை போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனின் குழு தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் 436 கிராமப்புற வீடுகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டது. விறகு எரியும் வீட்டில் மற்றவர்களைவிடச் சமைப்பவரே மிகுதியான துகளைச் சுவாசிக்கிறார் என்பதை அந்த அளவீடு காட்டியது. வீட்டுப் புகையால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

ஆகவே எரிவாயு வந்தது சிறிய விஷயம் இல்லை. 1965இல் இண்டேன் தொடங்கி, நீண்ட காலம் அது நகரத்து, சம்பளக்கார வீடுகளின் பொருளாக இருந்தது. 2006 தேர்தலுக்குப் பின் அமைந்த தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் தொடங்கிய ஒன்றிய அரசின் உஜ்வலா திட்டமும் அதைக் குடிசைகளுக்குக் கொண்டுவந்தன. நீல நிறத்தில் எரியும் முதல் சுடரைப் பார்த்து அம்மா அதன்முன் விளக்கேற்றி வைத்தார்.

சிம்னி

விறகு போனால் கரி போய்விடும் என்று நினைத்திருந்தோம். ஆனால் நம் சமையலில் 'குய்' போகவில்லை. கடுகும் மிளகாயும் தாளிக்கும்போது எண்ணெய் நுண்துளிகளாகச் சூடான காற்றோடு ஏறுகிறது. அடுப்புக்கு இரண்டடிக்குச் சற்று மேலே சிம்னி அதை இழுக்கிறது. ஃபில்டர் தகடுகளின் மடிப்புகளில் காற்று சட்டென்று வளைந்து திரும்ப வேண்டியிருக்கிறது. காற்று திரும்பிவிடும், கனமான எண்ணெய்த்துளி திரும்ப முடியாமல் உலோகத்தில் மோதி ஒட்டிக்கொள்ளும். அதாவது ஃபில்டர் அழுக்காவதுதான் அது வேலை செய்வதற்கு அடையாளம். கழுவாமல் விட்டால் சத்தம் அப்படியே இருக்கும், இழுப்பு இருக்காது. எண்ணெய் ஊறிய தகடு அடுப்புக்கு நேர்மேலே இருப்பது தீப்பிடிக்கும் ஆபத்தும்கூட.

தெரியாதவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். தினமும் தாளிக்கும் வீட்டில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். எவர்சில்வர் தகடென்றால் கொதிநீரில் சோடா உப்பு போட்டு அரைமணி ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் மடிப்புகளைத் தேய்க்கலாம். அலுமினிய வலையென்றால் சோடா வேண்டாம், கறுத்துவிடும். கம்பி நாரும் கூடாது. நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். கரி ஃபில்டரைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். 'ஆட்டோ கிளீன்' என்று விற்பதும் உள்ளே சூடேற்றி எண்ணெயை உருக்கி ஒரு கிண்ணத்தில் விடும். கிண்ணத்தை ஒரு கைதான் எடுத்துக் கொட்ட வேண்டும். ஹாபின் பர்னர் மூடிகளை ஆறிய பின் எடுத்து, துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். சுடர் நீலத்திலிருந்து மஞ்சளானால் அடைப்பு என்று பொருள்.

ஜெர்மனியில் இருக்கும் என் அக்கா மகளின் வீட்டில் இதிலும் புதிது. அடுப்பின் நடுவிலேயே உறிஞ்சி இருக்கிறது. புகை மேலே போகாமல் கீழே போகிறது. வீடியோவில் அதைப் பார்த்து அம்மா, "பொகைய கீழ எறங்கச் சொன்னா எறங்குதாடி?" என்று வியந்தார். பால் பொங்கினால் எங்கே போகும் என்பது அவருடைய அடுத்த கேள்வி. அந்தத் துளைக்குள்தான் போகும். அடியில் ஒரு தட்டு இருக்கிறது. அதை இழுத்துக் கொட்டிக் கழுவ வேண்டும். அக்கா மகள் சொன்னாள்: "இங்க குடிவந்து எட்டு மாசம் சித்தி. அந்தத் தட்டு இருக்குன்னு அவருக்கு இன்னும் தெரியாது."

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு நூல் எழுதினார். அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை என்பது அதன் தலைப்பின் பொருள். வீட்டுக்கருவிகள் வீட்டில் ஆண்களும் குழந்தைகளும் செய்துவந்த பங்கைத்தான் முதலில் நீக்கின, பெண்ணின் பங்கு உருமாறித் தொடர்ந்தது என்பது அவர் வாதம். விறகு வெட்டுவது ஆணின் வேலை. புதிய அடுப்பு அந்த வேலையைக் குறைத்தது. என் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கோடாலி நினைவுக்கு வருகிறதா? சிலிண்டர் வந்ததும் அந்தக் கோடாலி பரணுக்குப் போனது. அம்மாவின் கரித்துணி பரணுக்குப் போகவில்லை.

நம் நாட்டின் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2021 ஜனவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் இந்த எண்களை மேற்கோள் காட்டித்தான் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பிட வேண்டும் என்றது. அடுத்த கணக்கெடுப்பு 2024இல் வந்தது. பெண்கள் 289, ஆண்கள் 88. கருவிகள் பெருகிய ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டது. இடைவெளி ஒரே ஒரு நிமிடம் சுருங்கியது.

இங்கே நான் என்னையும் எழுத வேண்டும். சிம்னி வாங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் ஃபில்டர்களை நான் கழுவவில்லை. வீட்டு வேலைக்கு வந்த பெண்ணிடம் கொடுத்தேன். கடையில் வாங்கிய காரமான பொடி ஒன்றையும் கொடுத்தேன், கையுறை கொடுக்கவில்லை. பெண்ணியம் பற்றிய ஒரு கருத்தரங்கக் கட்டுரையை நான் அடுத்த அறையில் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் பின்கட்டில் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காப்பி வாங்க நீட்டிய கையில் தோல் உரிந்திருந்தது. "ஒண்ணுமில்ல டீச்சர், அந்தத் தகடு தேய்ச்சதுதான்" என்றார். புகை என் கண்ணிலிருந்து விலகி அவர் கைக்குப் போயிருந்தது. அம்மா சொன்ன இடமாற்றம் எனக்குப் புரிந்தது அன்றுதான். அதில் சாதிக்கும் வர்க்கத்துக்கும் ஒரு வழித்தடம் உண்டு என்பதும்.

அதன் பிறகுதான் வீட்டில் முறை வைத்தோம். கணவர், மகன், நான் என்று மாதம் ஒருவர். எளிதாக நடந்துவிடவில்லை. கணவர் முதல்முறை டப்பின்முன் உட்கார்ந்தபோது அம்மா இளைக்க இளைக்க எழுந்துபோய், "மாப்பிள்ள, குடுங்க நான் பாத்துக்கறேன்" என்று தகட்டைப் பிடுங்கப் பார்த்தார். நுரையீரலைப் புகைக்குக் கொடுத்த பெண், அதன் மிச்சத்தை மாப்பிள்ளை தொடுவதைத் தாங்கமாட்டாமல் தவித்தார். அந்தத் தவிப்பைக் கழுவும் பொடி எதுவும் கடையில் இல்லை. இப்போது மாப்பிள்ளையின் மாதத்தில் மட்டும் அவர் படியில் வந்து உட்காருவதில்லை. உள்ளே போய்விடுகிறார்.

கேள்வியைத் திருத்தியது

எங்கள் கல்லூரியில் முதுகலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஆயிரமாண்டுக்கு முன் முதலாம் இராசேந்திரன் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் எல்லை பிடித்து எழுதிவைத்திருக்கின்றன. அதுபோல உங்கள் வீட்டு அடுக்களையின் வரலாற்றை எல்லை பிடித்து எழுதி வாருங்கள் என்றேன். பாட்டியின் அடுப்பு, அம்மாவின் அடுப்பு, உங்கள் அடுப்பு. ஒவ்வொன்றையும் யார் கழுவினார்கள், எவ்வளவு நேரம் என்பது கேள்வி.

நல்ல கட்டுரைகள் வந்தன. ஊதாங்குழலை இன்னும் வைத்திருக்கும் பாட்டிகள், சிம்னி வாங்கியும் ஓடவிடாத அத்தைகள், மின்கட்டணத்துக்குப் பயந்து அதை விருந்தாளி வரும்போது மட்டும் போடும் வீடுகள். ஒரு மாணவி ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருந்தார். இந்த மாவட்டத்துச் செங்கல் சூளையில் வளர்ந்தவர். அவர் குடும்பத்தின் அடுப்பு ஒவ்வோர் ஆண்டும் சூளைக்குச் சூளை மாறியது. உடைந்த செங்கல் மூன்று, அவ்வளவுதான். கழுவ எதுவும் இல்லை என்றும், கிளம்பும்போது கற்களை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: விறகு பொறுக்கப் போவதற்கு உங்கள் கேள்வியில் இடம் இல்லை மிஸ்.

உண்மை. நான் அடுப்பிலிருந்து தொடங்கியிருந்தேன். புகை அதற்கு முன்பே, விறகைத் தேடிக் காட்டோரம் நடக்கும் பெண்ணின் காலிலிருந்து தொடங்குகிறது. அடுத்த ஆண்டுப் பயிற்சியில் கேள்வியைத் திருத்தினேன். எரிபொருளைக் கொண்டுவந்தவர் யார், ஊதியவர் யார், சுவாசித்தவர் யார், கழுவியவர் யார், அந்த வேலையை யாரிடம் கைமாற்றினீர்கள்.

கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத மாணவிகள் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். வரும் ஞாயிறு மகனின் முறை.